படுக்கைக்கு அடியில் ஒரு டர்போ டீசல்

ஃபோக்ஸ்வாகன் டி3 வேன் வைத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் பத்து நிமிஷத்துக்குள் பேச்சு ஹெட் கேஸ்கெட்டில், அதாவது என்ஜின் தலைப்பகுதி உட்காரும் இடத்தில் கசிவைத் தடுக்கும் பட்டையில், வந்து நின்றுவிடும். எனக்கும் அங்கேதான் ஆரம்பித்தது. ராத்திரி நிறுத்திய இடத்தில் காலையில் பின்பம்பருக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்கு நீலப்பச்சையாக ஈரம். குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தால், சிலிண்டர் ஹெட் வந்து உட்காரும் இடத்தில் கறுப்பாக ஒரு ரப்பர் விளிம்பு தெரியுமே, அதன் கீழ்மூலையில் ஒரு சொட்டு கூலன்ட் திரண்டு நின்றது. விரலால் துடைத்தேன். கை கழுவிவிட்டு வந்து பார்த்தபோது அதே இடத்தில் இன்னொரு சொட்டு.

அந்தப் பெட்ரோல் என்ஜின் கெட்ட என்ஜின் என்று நான் சொல்ல மாட்டேன். 1979இல் டி3 வந்தபோது பின்னால் இருந்தது காற்றில் குளிரும் பாக்ஸர் என்ஜின், சிலிண்டர்கள் இரு பக்கமும் எதிரெதிராகப் படுத்திருக்கும் வகை. 1982இல் அதே அமைப்பில் தண்ணீர் ஓடும் என்ஜின் வந்தது. அலுமினிய உடம்பு, தரையோடு தரையாகப் படுத்திருக்கும், ஓடும்போது அதிர்வே தெரியாது. ஆனால் அதில் தண்ணீரை உள்ளே நிறுத்தி வைப்பது ஹெட்டின் ஓரத்தைச் சுற்றி வரும் அந்த ஒரு ரப்பர் பட்டை. கூலன்டை வருஷக்கணக்கில் மாற்றாமல் விட்டால், பட்டை உட்காரும் அலுமினியப் பரப்பு அரித்துக் குழி விழும். குழி விழுந்த பிறகு புது ரப்பர் போட்டாலும் கொஞ்ச நாள்தான். எனக்கு முன்னால் வைத்திருந்தவர் ஒரு முறை ஹெட் கழற்றியிருந்தார், நான் ஒரு முறை கழற்றினேன். மூன்றாவது தடவை கழற்ற மனசு வரவில்லை. பெட்ரோல் என்ஜினையே எடுத்துவிட்டு டர்போ டீசல் போடுவது என்று முடிவு செய்தேன்.

டீசல் இந்த வேனுக்கு வெளியாள் இல்லை. 1981இலேயே ஃபோக்ஸ்வாகன் தன் 1.6 லிட்டர் டீசலை இதற்குள் வைத்து விற்றது. புகையின் வேகத்தில் சுழன்று என்ஜினுக்குள் காற்றை அமுக்கும் டர்போ கிடையாது, 50 குதிரைத்திறன். படுக்கை, அலமாரி என்று முழு கேம்பர் சாமானோடு ஏற்றத்தில் அது என்ன பாடுபட்டிருக்கும் என்று ஓட்டியவர்களிடம் கேட்டால் தெரியும். அப்புறம் எண்பதுகளின் நடுவில் அதே 1588 சி.சி. என்ஜினுக்கு டர்போ வைத்து, ஜே.எக்ஸ் என்ற குறியீட்டோடு, 70 குதிரைத்திறனில் கொடுத்தார்கள். அதாவது நான் செய்த வேலைக்குத் தேவையான பாதிப் பாகங்கள் கம்பெனியே வடிவமைத்துக் கொடுத்தவை. இந்த ஒரு விஷயம் இல்லையென்றால் நான் துணிந்திருக்க மாட்டேன்.

எந்த என்ஜின் என்பதில் நான் ரொம்ப நாள் தடுமாறினேன். ஜே.எக்ஸ் அப்படியே பொருந்தும், ஆனால் நல்ல நிலையில் கிடைப்பது கஷ்டம், இருப்பதில் பல ஹெட் விரிசல் விட்டவை. ஃபோக்ஸ்வாகனின் டி.டி.ஐ டீசல் என்றால் 1.9 லிட்டர், 90 குதிரைத்திறன், 202 நியூட்டன் மீட்டர் இழுவை, ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அது மின்னணுப் பம்ப் வைத்த என்ஜின், கம்ப்யூட்டர், சென்சார், வயர் கற்றை எல்லாம் கூடவே வரும். நடுவில் ஒன்று இருந்தது: ஏ.ஏ.இசட். தொண்ணூறுகளில் கோல்ஃப், பஸாட் கார்களில் வந்த 1896 சி.சி. டர்போ டீசல், 75 குதிரைத்திறன், 150 நியூட்டன் மீட்டர். முழுக்க இயந்திரப் பம்ப். டீசல் வால்வைத் திறக்க ஒரே ஒரு வயர் போதும், ஓடும். நடுக்காட்டில் நின்றாலும் ஸ்பேனரோடு நான் சமாளித்துக்கொள்வேன் என்ற தைரியத்துக்காக அதையே எடுத்தேன். டி.டி.ஐ போட்டவர்களைக் குறை சொல்லவில்லை, வேகமாகப் போகிறார்கள், டீசலும் குறைவாகக் குடிக்கிறது. என் தேவை வேறு.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நான் கழற்றிய 1.9 பெட்ரோல் என்ஜின் காகிதத்தில் 78 குதிரைத்திறன். போட்டது 75. அப்புறம் எதற்கு இந்த வேலை என்று கேட்டவர்கள் உண்டு. பெட்ரோல் என்ஜின் அந்த 78ஐக் கொடுக்க மேலே போய்க் கத்த வேண்டும். டீசல் 2400 ஆர்.பி.எம்மிலேயே முழு இழுவையைக் கொடுத்துவிடும். இரண்டரை டன்னுக்குப் பக்கத்தில் எடையும் செங்குத்தான முன்மூஞ்சியும் உள்ள வண்டிக்கு அதுதான் வேண்டும். அதோடு மலை. டர்போ இல்லாத எந்த என்ஜினும் 1000 மீட்டர் ஏறினால் சுமார் பத்தில் ஒரு பங்கு பலத்தை இழக்கும், காற்று அவ்வளவு மெலிந்துவிடும். டர்போ அந்த இழப்பில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும். புகைக்குழாயில் வீணாகப் போகிற வேகத்தை வைத்தே காற்றை உள்ளே அமுக்கலாம் என்று சுவிஸ் பொறியாளர் ஆல்ஃப்ரெட் புஷி 1905இல் காப்புரிமை எடுத்தார். 2000 மீட்டர் கணவாயில் மூன்றாவது கியரில் ஏறும்போது அந்த மனுஷனை நினைத்துக்கொள்வேன்.

வேலை ஆரம்பிக்கும் முன்னால் ஒரு வார்த்தை. பதிவுப் புத்தகத்தில் எரிபொருள் வகையும் என்ஜினும் மாறுகிறது, அதனால் எந்த நாடாக இருந்தாலும் ஸ்பேனரைத் தொடும் முன் பதிவு அலுவலகத்திலும் காப்பீட்டுக்காரரிடமும் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பல நகரங்களில் பழைய டீசல் வண்டியை உள்ளே விடுவதே இல்லை. இதைக் கேட்காமல் வேலையை முடித்துவிட்டு நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன், பாவமாக இருக்கும்.

சரி, என்ஜின். கோல்ஃபில் இது கிட்டத்தட்ட நேராக நிற்கும். டி3இல் அப்படி நிற்க முடியாது, ஏனென்றால் என்ஜினுக்கு மேல்தான் படுக்கை. பின்னால் இருக்கிற தகர மூடியின் மேல் மெத்தை, அதன் மேல் நாம். அதனால் ஃபோக்ஸ்வாகன்காரர்கள் என்ஜினை இடது பக்கமாக 50 டிகிரி சாய்த்துவிட்டார்கள். சாய்த்தால் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கும், ஆகவே ஆயில் தங்கும் சம்ப் வேறு வடிவம், ஆயிலை உறிஞ்சும் குழாய் வேறு, ஆயில் அளக்கும் கம்பி வேறு, என்ஜின் தாங்கும் பிராக்கெட் வேறு. டர்போவிலிருந்து ஆயில் திரும்பி வரும் குழாய் எப்போதும் கீழ்நோக்கியே இறங்க வேண்டும், அதற்காகப் புகையைச் சேர்த்து டர்போவுக்கு அனுப்பும் மேனிஃபோல்டும் வேறு. சிலர் இதையெல்லாம் தேடாமல், என்ஜினைக் காரில் இருந்த சாய்விலேயே 15 டிகிரியில் வைத்து மூடியை உயர்த்திவிடுகிறார்கள். சரக்கு வேனுக்கு அது சரி. கேம்பரில் படுக்கை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டால் முப்பது வருஷமாகப் பொருந்தியிருந்த அலமாரி, மெத்தை எல்லாவற்றையும் வெட்ட வேண்டிவரும். நான் மூன்று மாசம் காத்திருந்து ஒரு நசுங்கிய டீசல் டி3இலிருந்து சம்ப், பிராக்கெட், மேனிஃபோல்டு, ஃப்ளைவீல் எல்லாம் ஒரே கட்டாக எடுத்தேன். தனித்தனியாகத் தேடியிருந்தால் இன்னும் தேடிக்கொண்டிருப்பேன். இந்த வேலையில் இறங்குகிறவருக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: என்ஜின் எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும், முதலில் அதைச் சுற்றியுள்ள சாமானைச் சேருங்கள்.

கியர்பாக்ஸும் அப்படியே மாட்டாது. பெட்ரோல் கியர்பாக்ஸில் என்ஜினோடு சேரும் கூட்டில், அதாவது பெல் ஹவுசிங்கில், இந்த டீசல் என்ஜினின் போல்ட் ஓட்டைகள் உட்காராது. டீசல் டி3 பெல் ஹவுசிங் வேண்டும், இல்லை நடுவே ஒரு இணைப்புத் தட்டு வேண்டும். செல்ஃப் மோட்டாரும் டீசலுக்குரியது. செல்ஃபின் முனை போய் உட்காரும் சின்னப் பித்தளை புஷ் பெல் ஹவுசிங்குக்குள் இருக்கிறது, விரல் நுனி அளவுதான், அதைப் புதிதாகப் போட்டுவிட்டு மாட்டுங்கள். அது தேய்ந்திருந்தால் நல்ல பேட்டரி இருந்தும் செல்ஃப் முனகும்.

என்ஜின் ஸ்டாண்டில் இருக்கும்போதே டைமிங் பெல்ட், டென்ஷனர், தண்ணீர் பம்ப், பின்பக்க ஆயில் சீல் எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். இந்த என்ஜினில் பெல்ட் அறுந்தால் வால்வு பிஸ்டனில் போய் இடிக்கும், அத்தோடு முடிந்தது. டீசல் பம்ப்பின் டைமிங்கைக் கண்ணால் வைக்க முடியாது. பம்ப் தலையில் ஒரு டயல் கேஜ் திருகி, உள்ளே பிளஞ்சர் நகர்வதை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வரை பார்த்து வைக்க வேண்டும். இன்ஜெக்டருக்கு அடியில் உள்ள மெல்லிய வாஷரை ஒரு பக்கம் பார்த்துத்தான் போட வேண்டும், பழையதைத் திரும்பப் போடக் கூடாது.

யாரும் பெரிதாகப் பேசாத, ஆனால் என்னை ஒவ்வொன்றும் ஒரு நாள் உட்கார வைத்த விஷயங்கள் இனிமேல்தான். பெட்ரோல் என்ஜினில் பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடம் உறிஞ்சுகுழாயிலிருந்தே வந்துவிடும். டீசலில் அந்த வெற்றிடமே கிடையாது, தனி வேக்குவம் பம்ப் ஓட வேண்டும். அதிலிருந்து முன்னால் வரை தட்டையாகாத கெட்டி ஹோஸ் போட வேண்டும். இதை மறந்தால் வண்டி ஓடும், லேசில் நிற்காது. ஆர்.பி.எம் மீட்டர் முன்பு இக்னிஷன் காயிலிலிருந்து துடிப்பை எடுத்தது, இப்போது காயிலே இல்லை, டைனமோவின் டபிள்யூ முனையிலிருந்து எடுக்க வேண்டும். ஸ்டார்ட் செய்யும் முன் சிலிண்டரைச் சூடேற்றும் ஹீட்டர் பிளக் நான்கும் சேர்ந்து 40 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், அதற்குத் தடித்த வயர், 50 ஆம்பியர் பட்டை ஃப்யூஸ், தனி ரிலே.

ரேடியேட்டர் முன்னால், என்ஜின் பின்னால், வண்டி நீளத்துக்கு இரண்டு குழாய்கள், மொத்தம் 16, 17 லிட்டர் கூலன்ட். இதில் ஏர் பிடித்தால் மீட்டர் ஒன்று காட்டும், ஹெட் வேறொன்றைச் சொல்லும். முன்பக்கத்தை ஜாக்கியில் நன்றாக உயர்த்தி, ரேடியேட்டர் தலையில் உள்ள ஸ்க்ரூவைத் திறந்து, என்ஜினை 2000இல் பிடித்துக்கொண்டு, குமிழி நின்று தண்ணீர் மட்டும் வழியும் வரை பொறுமையாக இருக்க வேண்டும். நான் இரண்டு முறை செய்தேன். முதல் முறைக்குப் பிறகும் ஒரு லிட்டருக்கு மேல் உள்ளே போனது.

பெட்ரோல் டேங்கைக் கழற்றி முழுக்கக் காயவைத்துத்தான் டீசல் ஊற்றினேன். இந்தப் பம்ப்புக்கு எண்ணெய் போடும் வழியே கிடையாது, உள்ளே ஓடும் டீசல்தான் அதற்கு மசகு. மிச்சப் பெட்ரோல் கலந்தால் பம்ப் தேய்ந்துபோகும். பழைய மின்சாரப் பெட்ரோல் பம்ப்பை எடுத்துவிட்டேன், திரும்பி வரும் குழாயைப் புதிதாக இழுத்தேன்.

முதல் முறை செல்ஃப் அடித்த நாள். டீசல் பம்ப் வேலையிலேயே முப்பது வருஷம் ஊறிய ஒரு அண்ணன் வந்து பக்கத்தில் நின்றார். நான் சாவியைத் திருப்பப் போனதும் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, முதல்ல ஆயில் ஏறட்டும். அது வறண்டு கிடக்கு, அப்படியே உயிர் கொடுத்தா டர்போ போயிடும்" என்றார். டீசல் வால்வின் வயரைக் கழற்றிவிட்டு, டர்போவின் ஆயில் குழாயைத் தளர்த்திப் பிடித்துக்கொண்டு, பத்துப் பத்து விநாடியாகச் செல்ஃப் அடித்தோம். நான்காவது தடவை குழாய் வாயில் தேன் மாதிரி ஆயில் எட்டிப் பார்த்தது. அதை இறுக்கிவிட்டு வயரை மாட்டினோம். அப்புறம் இன்ஜெக்டர் நட்டுகளைத் தளர்த்தி, ஒவ்வொன்றிலும் டீசல் நுரை போய்த் தெளிவாகப் பீறிடும் வரை அடித்து இறுக்கினோம். அண்ணன் கையில் ஒரு சதுரப் பலகைத் துண்டு வைத்திருந்தார். எதற்கு என்று கேட்டேன். "ஆக்ஸிலேட்டர் நமக்குக் கட்டுப்படாம ஏறிக்கிட்டே போனா, சாவியை நிறுத்தினாலும் நிக்காது. உறிஞ்சற வாயை இதால அடைக்கணும். கையால மட்டும் அடைச்சிடாதே." பலகைக்கு வேலை வரவில்லை. மூன்று சிலிண்டரில் தடுமாறி, வெள்ளைப் புகையை ஊதிவிட்டு, நாலாவதும் சேர்ந்துகொண்டதும் அந்தச் சத்தம் சமனானது. நான் கண் கலங்கிவிட்டேன், அண்ணன் கவனிக்காத மாதிரி ஹோஸ்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு வாரம் நன்றாக ஓடியது. அப்புறம் ஒரு தொல்லை. ராத்திரி நிறுத்தினால் காலையில் ஸ்டார்ட் ஆக ஒரு நிமிஷத்துக்கு மேல் செல்ஃப் அடிக்க வேண்டும். ஹீட்டர் பிளக்கைச் சந்தேகப்பட்டேன், பேட்டரியைச் சந்தேகப்பட்டேன், வீணாக இரண்டையும் மாற்றினேன். டி3இல் டேங்க் வண்டியின் முன்பகுதியில் இருக்கிறது, பம்ப் பின்னால் இருந்தபடி அவ்வளவு நீளத்துக்கு டீசலை உறிஞ்ச வேண்டும். உறிஞ்சும் குழாயில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே கசியாது, காற்று உள்ளே போகும். அதனால் கீழே ஒரு சொட்டு ஈரம்கூடத் தெரியாது. பம்ப்புக்கு முன்னால் ஒரு ஜாண் நீளத்துக்குக் கண்ணாடி மாதிரித் தெரியும் ஹோஸைப் போட்டேன். காலையில் மூடியைத் திறந்தால் ஹோஸில் பாதிக்கு மேல் வெறும் காற்று. செல்ஃப் அடித்ததும் மணி மணியாகக் குமிழிகள் வரிசை கட்டிப் போயின. டேங்க் பக்கமிருந்து ஒவ்வொரு மூட்டாகச் சோதித்து வந்து கடைசியில் டீசல் ஃபில்டரின் தலையில் நின்றேன். குளிர் நாளில் சூடான டீசலைத் திருப்பிவிடும் ஒரு சின்ன பிளாஸ்டிக் வால்வு அங்கே கிளிப்பில் செருகியிருக்கும். அதில் இரண்டு ரப்பர் வளையங்கள். ஒன்று தட்டையாகிச் சப்பிப் போயிருந்தது. மாற்றினேன், மறுநாள் காலை தொட்டதும் பிடித்துக்கொண்டது. அந்தக் கண்ணாடி ஹோஸை இன்னும் கழற்றவில்லை.

அடுத்து சூடு. இந்த வகை டீசலில் பம்ப்பின் பின்னால் ஒரு ஸ்க்ரூ உண்டு, கொஞ்சம் உள்ளே திருகினால் கூடுதல் டீசல், கூடுதல் இழுவை. கால் சுற்று திருகிவிட்டு, அடடா என்ன பிக்கப் என்று சொல்வார்கள். அதே கால் சுற்றில் புகைக்குழாய்ச் சூடு எங்கே போகிறது என்று பார்ப்பதில்லை. டர்போவுக்கு முன்னால் மேனிஃபோல்டில் துளை போட்டு ஒரு வெப்பமானி முனை வைத்தேன். துளை போடும்போது மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டுத்தான் போட வேண்டும், ஒரு இரும்புத் தூள் உள்ளே விழுந்தாலும் டர்போவின் இறக்கை போய்விடும். ஸ்க்ரூவைத் தொடாத நிலையிலேயே நீண்ட ஏற்றத்தில் காலை முழுக்க அமுக்கினால் முள் 700 டிகிரியைத் தாண்டப் பார்த்தது. காரில் இந்த என்ஜின் ஒரு டன் சொச்சம் எடையை இழுத்தது, அதுவும் சில விநாடிகள் மட்டும் முழு பலத்தில். இங்கே அரை மணி நேரம் விடாமல் இழுக்கிறது. அலுமினிய பிஸ்டனுக்கு அது தாங்காது. 700ஐ நான் என் எல்லையாக வைத்திருக்கிறேன். முள் 680க்கு வந்தால் கியரைக் குறைத்து, காலை லேசாக்கி, அடுத்த வளைவு வரை நிதானமாகப் போவேன்.

அதற்காகத்தான் டர்போ அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வைத்தேன். டர்போ அமுக்கும் காற்று நூறு டிகிரியைத் தொடும். பின்பக்கத் தூணில் உள்ள காற்றுத் துவாரத்துக்கு உள்ளே ஒரு சின்ன இன்டர்கூலர், அதற்கு ஒரு ஃபேன், சூடு ஏறினால் தானாக ஓடும் ஸ்விட்ச். அதே ஏற்றத்தில் முள் 640இல் நின்றது. ஸ்க்ரூவை இன்னும் தொடவில்லை, தொடப் போவதும் இல்லை. ஏறி முடித்ததும் உடனே சாவியை நிறுத்தாமல் ஒரு நிமிஷம் சும்மா ஓட விடுகிறேன், டர்போவின் உள்ளே ஆயில் வெந்து கரியாகாமல் இருக்க.

டீசல் செலவு என் கணக்கில் 100 கிலோமீட்டருக்கு ஒன்பதரை லிட்டர் வருகிறது. பெட்ரோலில் பதின்மூன்றுக்குக் குறைந்ததில்லை. சத்தம் நிஜமாகவே அதிகம். மூடிக்கு அடியில் தடித்த ஒலித்தடுப்பு விரிப்பு ஒட்டியபின் பேச்சுக் கேட்கிறது, ஆனால் பெட்ரோலின் அந்த அமைதி திரும்ப வராது.

மிச்சம் இருப்பது நான்காவது கியர். எனக்குக் கிடைத்த பெட்டியில் 100 கிலோமீட்டர் வேகத்தில் 3400 ஆர்.பி.எம் ஓடுகிறது, இந்த என்ஜினுக்கு 3000 போதும். முழுப் பெட்டியையும் நீளமாக்கினால் முதல் கியரும் நீண்டுவிடும், அப்புறம் சாமானோடு சரிவில் நின்று கிளம்பும்போது கிளட்ச் எரியும். அதனால் கீழ் கியர்களைத் தொடாமல் நான்காவதை மட்டும் மாற்றுவதாக முடிவு. பல் சக்கர ஜோடி வந்துவிட்டது, எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி அலமாரியில் இருக்கிறது. மழை ஓய்ந்ததும் பெட்டியை இறக்க வேண்டும், அண்ணனும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.